கோமுகி வரை

ரூவியிலிருந்து மலைச்சாலை ஏறி இறங்கினால்
பழைய மஸ்கட்.
பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் கடல்
கொஞ்சம் கோட்டை
அப்புறம் சிவன்.
பீர்க்கண்ணு பிக்கப்பை ஓரங்கட்டி
இருக்கையைச் சாய்த்துக்கொள்வான்:
'எனக்கும் சேத்துக் கேளு.
விசா புதுப்பிக்கணும்.'

முதல் வெள்ளிக்கிழமையே
ஒரு பெண்மணிமேல் மோதிவிட்டேன்.
நான் வலம் வந்துகொண்டிருந்தேன்
ஊரில் வருகிற மாதிரி முழுச் சுற்று.
அவர் கையில் பால் செம்போடு
எதிர்த்திசையில் வருகிறார்
பின்னால் இன்னும் பத்துப் பேர்
எல்லோரும் எதிரே.
பால் என் சட்டையில்.
அவருடைய குஜராத்தி எனக்குப் புரியவில்லை
என் தமிழ் அவருக்கு.
இருவருக்கும் இருந்த ஒரே சொல்
ஸாரி.

வலம்வரத் தெரியாத ஜனம் என்று
பிக்கப்பில் திரும்பும்போது சொன்னேன்.
பீர்க்கண்ணு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

அடுத்த வாரம் வல்லப்ஜி கூப்பிட்டார்,
கோயில் சாவி இடுப்பில் தொங்குகிற மனிதர்.
திட்டப் போகிறார் என்று நின்றேன்.
கோமுகியைக் காட்டினார்
அதில் சொட்டும் தீர்த்தத்தைக் காட்டினார்
பிறகு என் காலை.
கைகூப்பினார். அவ்வளவுதான்.
அதைத் தாண்டித்தான் வாராவாரம்
புண்ணியம் சேர்த்திருக்கிறேன்.

தூணில் மிச்ச விபூதி கொட்டுவதையும்
அன்றுதான் விட்டேன்.
இங்கே விபூதிக் கிண்ணம் இல்லை
நான் கொண்டுவருவது ஊர்ப் பொட்டலம்.
மேட்டூர்க்காரன் ஒருவன் கேட்டால் கொடுப்பேன்.
பால் செம்புப் பெண்மணி, பெயர் ஹன்ஸாபென்,
காய்ச்சல்காரப் பேரனின் நெற்றியை நீட்டி
ஒருநாள் கேட்டார்.
மூன்று விரலால் இழுத்தேன்
கோடு கோணலாகப் போயிற்று.

கடற்கரைப் பள்ளியில் பாங்கு சொல்லும் நேரம்
மணிக்குத் தாவும் பிள்ளைகளின் கையை
யாராவது மெல்லப் பிடித்துக்கொள்வார்கள்.
அந்த நேரத்தில்
பால் விழும் சத்தம் கேட்கும்.

இங்கே அவரவர் கையாலேயே ஊற்றுகிறார்கள்.
எங்கள் ஊரில்
சாமிக்கும் எனக்கும் நடுவே
ஒரு குறுக்குக்கம்பி
ஓர் உண்டியல்
அப்பா காலத்தில் ஒரு முழுத் தெரு.
நான் சாரம் கட்டுகிறவன்.
கிளாம்ப்புத் துரு
எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும்.
ஹன்ஸாபென் நகர்ந்து இடம் விட்டு
செம்பை நீட்டியபோது
கையை வேட்டியில் துடைத்தேன்
இன்னொரு தடவை துடைத்தேன்.
பின்னால் வரிசை நெளிந்தது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஊற்றினேன்.
கல் நனைந்தது, வில்வம் ஒன்று சரிந்தது,
தண்ணீர் ஆவுடையில் சுற்றி
சுவருக்குள் போய்
வெளியே கோமுகியில் விழுந்தது.
நான் ஊற்றிய தண்ணீர்.
வலம் வந்து அங்கே நின்றேன்.
தாண்டக் கால் வரவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது
பிரதோஷத்தன்று நாமும்
இதே இடத்தில்தானே திரும்புவோம்.
நந்தியின் கொம்புக்கு நடுவே எட்டிப் பார்த்து
இப்படிப் போய் அப்படி வந்து.
இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது?

சோமவாரம், ஷிப்ட் முடிந்து ஓடிவந்த பிரதோஷம்.
குஜராத்தி, தெலுங்கு, நாங்கள் நாலைந்து பேர்
கோமுகிவரை போகிறோம்
திரும்புகிறோம்.
புதிதாய் வந்த விழுப்புரத்துப் பையன்
முழுச் சுற்றில் எதிரே வருகிறான்
கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் பதிகம்.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
அதற்குள் ஹன்ஸாபென்
செம்பை மார்போடு அணைத்து
சுவரோடு ஒட்டிக்கொண்டார்.
நானும் ஒட்டிக்கொண்டேன்.
அவன் போனான்.

வெளியே பிக்கப்பில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
'கேட்டியா?'
'கேட்டேன்.'
'எத்தனை சுத்து?'
'பாதி.'
பீர்க்கண்ணு கியர் போட்டான்.
'அப்ப ஆறு மாசம்தான்டா கிடைக்கும்.'